டிக்கால் காட்டுக்கோயில்கள்: மாயன்கள் தமிழரா? 70 வயது அம்மாவோடு போகலாமா?

திசைகாட்டி | 2024 மார்ச் 24, காலை 9.10

மாயன் நாகரிகம் நம் புராணச் சிற்பி மயன் போட்ட வித்து என்பது என் கட்சி. பெயரே ஒரு சாட்சி, படிக்கட்டுக் கோயில்கள் இன்னொரு சாட்சி. குவாத்தமாலாவில் டிக்கால் போய் வந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? பார்த்ததும் "அட, நம்ம ஊரு" என்று தோன்றியதா? வரும் டிசம்பரில் குடும்பத்தோடு போக எண்ணம். அம்மாவுக்கு 70, முழங்கால் வலி உண்டு. சின்னப் பிள்ளைகள் இரண்டு. அலைச்சல் தாங்குமா?

கோபிக்காரி | மார்ச் 24, இரவு 10.40

போய் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கொசு கடித்த தடிப்பு இன்னும் காலில் இருக்கிறது, அதனால் சூட்டோடு சூடாகச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு: தோன்றவில்லை.

இரண்டாவதுக்கு: தாராளமாகப் போகலாம். எங்கள் அத்தைக்கு (மாமியார்) 68 வயது. நூல் சேலை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு துணிப்பை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எங்களோடு நடந்தே எல்லாம் பார்த்தார். பையனுக்குப் பதினொன்று, பாப்பாவுக்கு ஏழு. சிணுங்கியதெல்லாம் அவர்கள்தான்.

தூக்கம் வருகிறது. மீதி நாளைக்கு.

கோபிக்காரி | மார்ச் 25, மாலை 6.15

மயனை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை முழுக்க அவரே ஓடுவார்.

இதை நீங்கள் மட்டும் சொல்லவில்லை. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதியே மாயா கட்டடங்களை மயனோடு முடிச்சுப் போட்டவர். அது உளி பிடித்த கை, நான் கீபோர்டு தட்டுகிற கை. இருந்தாலும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டிக்காலில் வாழ்ந்தவர்கள் தங்களை "மாயா" என்று அழைத்துக்கொள்ளவே இல்லை. அது வடக்கே யுகடான் பக்கத்துப் பெயர். மாயாபன் என்று பிற்காலத்தில் ஒரு நகரம் இருந்தது, அதை ஒட்டி வந்து, ஸ்பானியர் காலத்துக்குப் பிறகு எல்லாருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. டிக்கால்காரர்களின் கல்வெட்டில் ஊர்ப்பெயர் முட்டுல். பின்னால் முடிந்த கொண்டை மாதிரி ஒரு எழுத்துச் சின்னம். (முட்டுல், முட்டல், முட்டம் என்று உடனே யாரும் கிளம்ப வேண்டாம்.) "டிக்கால்" என்பதும் பின்னால் வந்த பெயர்தான், நீர்நிலைப் பக்கம் என்று பொருள் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர்க் கதை பெரியது, பிறகு வருகிறேன்.

அடுத்தது மொழி. மாயா மொழிகள் இறந்துபோகவில்லை. கிட்டத்தட்ட முப்பது மொழிகள் இன்றைக்கும் பேசப்படுகின்றன, குவாத்தமாலாவில் மட்டும் இருபதுக்கு மேல். அந்தப் பேச்சுமொழிகளை வைத்துத்தான் கல்வெட்டு எழுத்துகளையே படித்தார்கள். தமிழ் அதில் எங்கேயும் குறுக்கே வரவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு ஜனத்தின் பாட்டன் சொத்தை நம் பேரில் பட்டா மாற்றுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் கோயில் என்கிறார்களே, 47 மீட்டர் உயரம், அது ஜசாவ் சான் கவீல் என்ற ராஜாவின் சமாதிமேல் நிற்கிறது. 682இல் பட்டத்துக்கு வந்து, 695இல் கலக்முல் என்ற எதிரி நகரத்தை அடித்தவர். கல்லறையை 1962இல்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். வழிகாட்டி இதைச் சொன்னபோது எனக்குப் பள்ளிப்படைக் கோயில் ஞாபகம் வந்தது. நம் பக்கம் ராஜசிம்ம பல்லவன் காஞ்சி கைலாசநாதரைக் கட்டியதும் ஏறக்குறைய இதே காலம். ஞாபகம் வருவது வேறு, உறவு கொண்டாடுவது வேறு.

கோபிக்காரி | மார்ச் 25, இரவு 11.05

சொல்ல மறந்தது: எல்லாக் கோயிலிலும் ஏற முடியாது. முதல் கோயில் படிக்கட்டு செங்குத்து, அதில் ஏறுவதைத் தடுத்து ரொம்ப நாளாயிற்று. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் மரப்படி போட்டிருக்கிறார்கள். நாங்கள் போன வழி: பெலீஸ் வரை விமானம், சான் இக்னாசியோவில் ஒரு ராத்திரி, அங்கிருந்து வேனில் எல்லை தாண்டி டிக்கால். காட்டுக்குள்ளேயே தங்கினோம். நேராக வருகிறவர்கள் ஃப்ளோரஸ் விமான நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் காரில். ஃப்ளோரஸ் ஏரிக்குள் ஒரு குட்டித் தீவு. கடைசி மாயா அரசு அந்தத் தீவில்தான் இருந்தது, 1697 வரை ஸ்பானியரிடம் விழாமல்.

கோபிக்காரி | மார்ச் 28, காலை 7.30

விடியற்காலை எப்படி இருக்கும் என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

முதல் ராத்திரி. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள், மின்விசிறி இல்லை, கொசுவலைக்குள் நாங்கள் ஐந்து பேர். நாலரை மணிக்குக் காட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல். சாதாரண உறுமல் இல்லை, தகர டிரம்மைக் கிணற்றுக்குள் போட்டு உருட்டினாற்போல. சிறுத்தை என்று முடிவே கட்டிவிட்டேன். ஜாகுவார் இருக்கிற காடு என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள், வருகிற வழியெல்லாம் மஞ்சள் பலகையில் ஜாகுவார் படம், பாம்புப் படம். என் வீட்டுக்காரர் எழுந்து கதவுக்கு நாற்காலியை அண்டை கொடுத்தார். அத்தை மட்டும் அசையவில்லை. "கொரங்குடா, படுங்க" என்றார்.

குரங்குதான்! ஊளைக்குரங்கு. தொண்டையில் பெட்டி மாதிரி ஒரு எலும்பு, அதில் காற்றை அடைத்து விடுகிறது. மூன்று நான்கு கிலோமீட்டருக்குக் கேட்குமாம். எப்படித் தெரியும் என்று காலையில் அத்தையிடம் கேட்டேன். "சிறுத்தை இத்தன நேரம் கத்துமா? அதுக்கு வேற சோலி இல்லையா?"

அன்றைக்கு நான்காவது கோயிலுக்கு விடியலில் போவதாகத் திட்டம். ஒரு வழியாக எட்டரைக்குக் கிளம்பினோம். குடும்பத்தோடு போகிறவர்கள் சூரிய உதயச் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டுவதற்கு முன்னால் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை ஒரு தடவை நினைத்துப் பார்க்கவும்.

கோபிக்காரி | மார்ச் 28, இரவு 9.50

பையனுக்குப் பிடித்தது கட்டடமே இல்லை, மாயர்களின் கணக்கு. புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம். இருபது வந்தால் அடுத்த இடம். ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான், தங்கச்சியின் வயதை மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினான்: ஒரு கோடு, மேலே இரண்டு புள்ளி. அதற்கு அவள் சண்டை போட்டாள், கோடு கோணலாம்.

வழிகாட்டி எங்களை முதலில் கூட்டிப்போனது பெரிய கோயில்களுக்கு இல்லை, கியூ வளாகம் என்று ஓர் இடம். எதிரும் புதிருமாக இரண்டு பிரமிடு, மேலே கோயில் கிடையாது, மொட்டைத் தலை. கிழக்குப் பிரமிடுக்கு முன்னால் ஒன்பது கல் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் எழுத்தில்லை. பக்கத்தில் சின்ன மதிற்சுவர், அதன் வாசல் வழியாகக் குனிந்து போனால் ராஜா உருவம் செதுக்கிய ஒரே ஒரு கல். 771ஆம் வருடம். இருபது வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு கதுன் முடிந்தால், இப்படி ஒரு ஜோடியைப் புதிதாகக் கட்டுவார்களாம். காலம் முடிந்தது என்பதற்காகவே கட்டடம்! எனக்கு மின்கட்டணம் கட்டவே தேதி ஞாபகம் இருப்பதில்லை.

கோபிக்காரி | மார்ச் 29, மாலை 5.00

மேலே எழுதியதைப் பையன் படித்துவிட்டுத் திருத்தச் சொன்னான். கதுன் என்பது 7,200 நாள். 365ஆல் வகுத்தால் 19.7தான் வரும், இருபது இல்லை. அவர்களுடைய துன் 360 நாள், இருபது துன் ஒரு கதுன், இருபது கதுன் ஒரு பக்துன். 771ஆம் வருடக் கல் நிற்பது ஒன்பது பக்துன் பதினேழு கதுன் முடிந்த நாளுக்காக. அவர்கள் நாட்காட்டியின் தொடக்கத்திலிருந்து 14,18,400 நாள். இதையும் அவனே பெருக்கிச் சொன்னான், நான் கால்குலேட்டரில் சரிபார்த்தேன்.

"2012இல் உலகம் அழியும்" புரளி இதிலிருந்து வந்ததுதான். 2012 டிசம்பர் 21இல் பதின்மூன்று பக்துன் முடிந்தது. கார் மீட்டரில் பூஜ்யங்கள் வரிசையாக விழுவது மாதிரி. அன்றைக்கு நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

கோபிக்காரி | மார்ச் 31, பிற்பகல் 2.20

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. திசைகாட்டி, உங்கள் தமிழ்த் தொடர்பு கல்லில் இல்லை, மரத்தில் இருக்கிறது. அதுவும் நீங்கள் நினைக்கிற திசையில் இல்லை.

பெரிய சதுக்கத்துக்குப் போகும் வழியில் வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டினார். பட்டை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்பு, கீழிருந்து மேல்வரை. சூயிங்கம்முக்குப் பால் எடுத்த மரம் என்றார். இந்தக் காட்டுக்குள் முன்பெல்லாம் வருடாவருடம் அலைந்தவர்கள் பால் எடுக்கிறவர்கள்தான், பல இடிபாடுகள் அவர்கள் காலில் இடறித்தான் வெளியே தெரிந்தன. அத்தை கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துக் கசக்கிப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். "ஏம்மிணி, இது நம்ம சப்போட்டா மாதிரி இருக்குதே?"

சப்போட்டாவேதான். வழிகாட்டி சொன்ன பெயர் சிக்கோசப்போத்தே. மெக்சிகோப் பழங்குடிகளின் நவாத்தல் மொழியில் சப்போத்ல், ஸ்பானிய வாயில் சப்போத்தே, நம் வாயில் சப்போட்டா. அந்த மரத்துக்குத் தாய்வீடு இந்தப் பக்கம்தான், தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். கப்பல் ஏறி நம்மிடம் வந்தது. தமிழில் சீமை இலுப்பை என்று இன்னொரு பெயர் உண்டே, அந்தச் "சீமை" இதுதான்! அத்தைக்கு நம்பவே முடியவில்லை. கோபியில் எங்கள் தோட்டத்தில் கிணற்றோரம் நிற்கிறது, மாமனார் கையால் நட்டது. இத்தனை வருடம் அதை ஊர் மரம் என்றே நினைத்திருந்தார்.

இன்னும் இருக்கிறது. டிக்கால் கோயில்களின் வாசலுக்கு மேலே உத்தரமாகப் போட்டதும் சப்போட்டா மரம்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம், கரையான் அண்டாது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு மேல் அந்த ஈரக்காட்டில் தாங்கியிருக்கிறது. நான்காவது கோயிலின் செதுக்கிய உத்தரங்களை 1877இல் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவை சுவிட்சர்லாந்தில், பாசல் அருங்காட்சியகத்தில். நாங்கள் பார்த்தது வெறும் வாசல்.

அடுத்தது, நுழைவுப் பாதையில் தனியாக நிற்கும் பெரிய மரம், செய்பா. நாற்பது ஆள் அகலத்துக்குக் கீழே வேர்ப்பலகை விரித்து நிற்கிறது. மாயர்களுக்கு அது உலகத்தின் நடுமரம், வேர் பாதாளத்தில், கிளை வானத்தில். குவாத்தமாலாவின் தேசிய மரமும் அதுவே. அத்தை அதையும் கண்டுபிடித்தார்: இலவ மரம். சங்கப் பாட்டில் வருகிற அதே இலவு, மாயர் காட்டில்! "இலவு காத்த கிளி" பழமொழியைப் பாப்பாவுக்குச் சொன்னேன். அங்கேயும் கிளி இருந்தது. பழுக்கும் என்று காத்திருந்ததா தெரியாது.

கோபிக்காரி | ஏப்ரல் 1, காலை 8.05

தப்பு. என் தப்பு. முட்டாள்கள் தினத்துக்குப் பொருத்தமாக.

சங்கப் பாட்டு இலவு வேறு. அது சிவப்பாகப் பூக்கிற முள்ளிலவு, நம் காட்டு மரம், யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை. மாயர்களின் செய்பா நமக்குத் தலையணைப் பஞ்சு தருகிற இலவம்பஞ்சு மரம், போடி பக்கம் வரிசையாக நிற்குமே அது. இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மரம் இல்லை. கிளி காத்தது முதலாவதைத்தான் என்று நினைக்கிறேன், கிளியிடம்தான் கேட்க வேண்டும். மயன் மயன் என்று நீங்கள் பெயரை வைத்து முடிச்சுப் போட்டதைக் கிண்டல் செய்துவிட்டு, நானே "இலவு" என்ற பெயரை வைத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

"நாற்பது ஆள் அகலம்" என்பதும் கொஞ்சம் அதிகம். அவர் பத்து என்கிறார்.

கோபிக்காரி | ஏப்ரல் 3, இரவு 10.30

தண்ணீர்க் கதை.

டிக்காலில் ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக்கல், தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஜூனிலிருந்து மழை பிய்த்துக்கொண்டு ஊற்றும், மார்ச்சில் எங்கள் தொண்டை வறண்டது. இப்படி ஓர் இடத்தில் அத்தனை பெரிய நகரம் எப்படி? சதுக்கங்களுக்கெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசி, சரிவு வைத்து, விழுகிற மழையை வெட்டிய குளங்களுக்குத் திருப்பினார்கள். இப்போது புல்லும் மண்ணும் மூடிய பள்ளமாகத் தெரிகிறது. வழிகாட்டி சொல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்போம். அத்தை சொல்லாமலேயே நின்றார். "கொளம் தூந்து போச்சாட்டிருக்குது" என்றார். ஏரிப்பாசனக்காரி கண்.

2020இல் இரண்டு ஆராய்ச்சி வந்தது. கொரியன்டல் என்ற குளத்தில் குவார்ட்சு மணலும் சியோலைட் என்ற கனிமமும் போட்டுத் தண்ணீரை வடிகட்டியிருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வேலை. சியோலைட் இன்றைக்கும் வடிகட்டியில் போடுகிற பொருள்தான். இரண்டாவது ஆராய்ச்சி சிரிப்புக்கு இடமில்லாதது. ஊர் நடுவில் அரண்மனைப் பக்கத்துக் குளங்களில் பாதரசமும் நச்சுப் பாசியும். பாதரசம் எங்கிருந்து? சாதிலிங்கம். கட்டடத்துக்கும் கல்லறைக்கும் பூசிய சிவப்பு. மழையில் கரைந்து, சரிவில் ஓடி, குடிக்கிற குளத்துக்கே வந்திருக்கிறது. எந்தச் சரிவு தண்ணீரைக் கொண்டுவந்ததோ அதே சரிவு.

கடைசித் தேதி போட்ட கல் 869. அதற்குப் பிறகு டிக்காலில் யாரும் தேதிக்கல் நடவில்லை. வறட்சி, சண்டை, தண்ணீர் என்று காரணங்கள் பல. "மர்மமாக மறைந்தார்கள்" என்று யாராவது எழுதினால் கோபம் வருகிறது. ஊரை விட்டுப் போனார்கள், அவ்வளவுதான். எங்கள் அப்பாவின் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, அதை யாரும் மர்மம் என்று சொல்வதில்லை.

கோபிக்காரி | ஏப்ரல் 6, அதிகாலை 1.15

தூக்கம் வரவில்லை. முதல் பதிவில் "அத்தை எங்களோடு நடந்தே எல்லாம் பார்த்தார்" என்று எழுதியிருந்தேன். அது பொய். அதை நம்பி ஒருவர் அம்மாவைக் கூட்டிப்போகத் தயாராகிறார், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய சதுக்கம் வரை வந்தார். நுழைவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், மேடு பள்ளம், வேர். அங்கே வந்ததும் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தித் தந்தேன். முட்டி வலிக்கிறது என்றார். நான்காவது கோயில் இன்னும் ஒரு கிலோமீட்டர் மேற்கே, 65 மீட்டர் உயரம், எனக்கு அதைப் பார்க்காமல் போக மனசில்லை. வழிகாட்டியின் நேரம் முடிந்து அவர் கிளம்பிவிட்டார். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சின்னச் சண்டை, யார் இருப்பது யார் போவது என்று. கடைசியில் அத்தையே "நீங்க போய்ட்டு வாங்க, நான் இப்பிடி உக்காந்துக்கறேன்" என்றார். நாங்களும் நிழலில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலும் முறுக்குப் பையும் கொடுத்து, முக்கால் மணியில் வருவோம் என்று சொல்லிப் போய்விட்டோம். அத்தைக்குத் தமிழ் தவிர ஒரு மொழியும் தெரியாது. கையில் போனும் இல்லை. இருந்திருந்தாலும் அங்கே சிக்னல் இல்லை.

நான்காவது கோயில் உச்சி பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயிலின் கீழ்ப்பாதி இன்னும் மண்மூடி மரம் முளைத்த குன்றுதான். மரப்படியில் ஏறி மேலே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, அதைக் கிழித்துக்கொண்டு மூன்று கோயில்களின் கல்கொண்டை. 741இல் கட்டியது. பாப்பா கீழே பார்க்க மாட்டேன் என்று என் துப்பட்டாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

திரும்பும்போது பாதை பிரிகிற இடத்தில் தவறிவிட்டோம். எப்படியோ சுற்றி மறைந்த உலகம் என்கிற பழைய பகுதிக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு பிசோத்தே கூட்டம், கீரிக்கும் குரங்குக்கும் பிறந்த மாதிரி, வாலைக் கொடிக்கம்பமாகத் தூக்கிக்கொண்டு இருபது முப்பது. பையன் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தான், புளிசாதம் போயிற்று. (விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று பலகை இருக்கிறது. நாங்கள் போடவில்லை, அவை எடுத்துக்கொண்டன.) இதெல்லாம் முடிந்து பெரிய சதுக்கத்துக்கு வந்தபோது இரண்டரை மணி நேரம் ஓடியிருந்தது.

பெஞ்ச் காலி. தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

அந்தப் பத்து நிமிடத்தை எழுத வேண்டாம். அவர் ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம். "அத்தை" என்று கத்தினேன். அந்தச் சதுக்கத்தில் சத்தம் போட்டால் இரண்டு கோயிலும் திருப்பிச் சொல்லும். காலையில் பிள்ளைகள் கைதட்டிக் கைதட்டி விளையாடிய அதே எதிரொலி.

பாப்பாதான் பார்த்தாள். சதுக்கத்தின் நடுவில் வட்டமாக ஒரு எரிந்த இடம் உண்டு, இன்றைக்கும் மாயர்கள் வந்து பூஜை செய்கிற இடம். பத்துப் பன்னிரண்டு பேர் குடும்பமாக வந்து மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று திசைக்கு ஒன்று. நடுவில் புகை. அந்தப் புகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அத்தை. பக்கத்தில் அதே வயதில் ஒரு பாட்டி. இருவரும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாம்பிராணி வாசம் வந்துச்சு அம்மிணி, அதான் வந்தேன்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

கோபிக்காரி | ஏப்ரல் 6, காலை 11.00

ராத்திரி எழுதியதை இப்போது படித்தால் கொஞ்சம் நாடகமாக இருக்கிறது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

விட்டுப்போன ஒன்று. அந்தப் புகை சாம்பிராணி இல்லை, அங்கே அதற்குப் பெயர் கோபால். மரப்பிசின்தான், வாசமும் கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பாட்டி திரும்பத் திரும்ப நெருப்பைக் காட்டி "கோபால், கோபால்" என்று சொன்னாராம். அத்தை அது யாரோ செத்துப்போன மகன் பேர் என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டிருக்கிறார். நாங்கள் விவரம் சொன்ன பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. "பேர் வெச்சிருப்பாங்க" என்கிறார்.

அந்தக் குடும்பம் கெக்சி மொழிக்காரர்கள். இளைஞர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். அத்தைக்கு இலையில் சுற்றிய மக்காச்சோள உருண்டை கொடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளம் என்றதும் அத்தைக்கு ஆச்சரியம் இல்லை, "வெத்தலைக்குப் போடறம், சோளத்துக்குப் போட்டா என்ன" என்றார். ஊரில் இருப்பவர்களிடம் அத்தை இப்போது சொல்லுகிற டிக்கால் கதையில் பிரமிடே கிடையாது. இந்தச் சோள உருண்டைதான் இருக்கிறது.

கோபிக்காரி | ஏப்ரல் 7

இந்த இழையை அவர் படித்துவிட்டார். "சின்னச் சண்டை" என்று எழுதியிருக்கிறாயே, மூன்று நாள் பேசவில்லையே என்கிறார். குறித்துக்கொள்ளவும்.

கோபிக்காரி | ஏப்ரல் 19, இரவு 9.20

திசைகாட்டி மறுபடி கேட்டிருக்கிறார், அப்படியானால் அம்மாவைக் கூட்டிப்போகலாமா கூடாதா என்று.

கூட்டிப்போங்கள். ஒரே நாளில் திணிக்காதீர்கள், இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் அம்மாவோடு பெரிய சதுக்கம் மட்டும் போய், அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நான்காவது கோயிலை மறுநாள் இரண்டு குழுவாகப் போய்ப் பாருங்கள், ஒருவர் எப்போதும் அம்மாவோடு. வழிகாட்டியை அரை நாளைக்குப் பேசாமல் முழு நாளைக்குப் பேசுங்கள், அதில் மிச்சம் பிடித்ததுதான் எனக்கு வினையாயிற்று. வார் போட்ட செருப்பு, உபரி ஊக்கு. டிசம்பரில் மழை குறைந்துகொண்டு வந்தாலும் பாதை வழுக்கும், கைத்தடி நல்லது. முறுக்கு நிறைய.

அம்மாவுக்குப் பறவை பிடிக்குமா? வெட்டவெளியில் வான்கோழி ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும், பாப்பா மயில் என்றே சாதித்தாள். நீலத் தலையில் ஆரஞ்சு மணிகள், வாலில் கண்கண்ணாகப் புள்ளி. அந்த வட்டாரத்தை விட்டால் வேறெங்கும் காட்டில் பார்க்க முடியாது. கட்டடத்துக்கு நான் கொடுத்த நேரத்தில் பாதியை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

கோபிக்காரி | 2025 ஏப்ரல் 12, மாலை 4.40

ஒரு வருடம் கழித்து இழையைத் தூசி தட்டுகிறேன். திசைகாட்டி போனாரா இல்லையா தெரியவில்லை, ஆளையே காணோம்.

டிக்காலில் புதிதாக ஒரு பலிபீடம் கண்டுபிடித்ததாக இந்த வாரம் செய்தி. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் ஓவியத்தோடு. ஓவியம் மாயா பாணி இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மெக்சிகோவில் இருந்த தியோத்திவாக்கான் பாணி. 378 ஜனவரியில் அந்தப் பக்கத்து ஆட்கள் டிக்காலுக்கு வந்ததும், அதே நாளில் டிக்கால் ராஜா செத்ததும் கல்வெட்டிலேயே இருக்கிற சங்கதி. ஆக வெளியூர்க்காரன் வந்து கைவைத்தான் என்பது உண்மைதான் திசைகாட்டி, ஆனால் அந்த வெளியூர் மகாபலிபுரம் இல்லை. பீடத்தைச் சுற்றிச் சின்னக் குழந்தைகளைப் புதைத்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்தச் சதுக்கத்தில் பாப்பா கைதட்டிக்கொண்டு நிற்கிற படத்தை எடுத்துப் பார்த்தேன், உடனே மூடிவிட்டேன்.

அத்தை ஊருக்குப் போய்விட்டார். நேற்று வீடியோ காலில் கிணற்றடிச் சப்போட்டா மரத்தைக் காட்டினார். பட்டையில் புதிதாக நாலு வெட்டு, அங்கே பார்த்த மாதிரியே குறுக்கும் நெடுக்குமாக. பால் வந்ததாம். ராத்திரி வைத்து, காய்ந்ததும் வாயில் போட்டு மென்று பார்த்தாராம். கசப்பு, பல்லில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லை என்கிறார்.